நாள்தோறும் நின்ற பதினைந்து நிமிடம்

திருவொற்றியூரைக் கடந்து எண்ணூர் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், கடலுக்கு எதிர்ப்புறம் இருந்த ஒரு தொழிற்சாலையில் எழுபதுகளின் முற்பகுதியில் பணியாற்றினேன். இன்றைய வழக்கில் சொன்னால் நான் நிரலாளன். அன்று அச்சொல் என் குறிப்பேட்டில் மட்டுமே இருந்தது. மற்றவர்களுக்கு நான் ‘புரோகிராமர்’, சிலருக்குப் ‘புலவர்’. பேசும்போது தமிழ்ச்சொல்லைத் தேடி ஒரு நொடி நிற்பேன். அந்த ஒரு நொடிக்காகக் கிடைத்த பட்டம் அது.

கணிப்பொறி தனி அறையில் இருந்தது. தொழிற்சாலை முழுவதற்கும் குளிரூட்டப்பட்ட அறை அது ஒன்றே. அலமாரி அலமாரியாகச் சுவரோரம் நின்ற அந்தப் பொறி அவ்வப்போது நின்றுவிடும். கடற்காற்றின் உப்போ, மின்னழுத்தத்தின் ஏற்றத்தாழ்வோ, துளையிட்ட அட்டை ஒன்றின் மடங்கிய மூலையோ, ஏதேனும் ஒன்று காரணமாக இருக்கும். பொறியை அளித்த நிறுவனத்தார் அது நிற்பதே இல்லை என்றார்கள். அதை நம்பி வேலை கொடுத்த பிற துறையினர் அது ஓடுவதே இல்லை என்றார்கள். உண்மை எது என்று மேலாளருக்குத் தெரிய வேண்டியிருந்தது. பொறி எத்தனை மணி ஓடியது, எத்தனை மணி நின்றது என்பதைப் பொறியே கணக்கிட்டுச் சொல்லும்படி ஒரு நிரல் எழுதித் தருமாறு என்னைப் பணித்தார்.

அந்தப் பொறிக்குள் கடிகாரம் கிடையாது. ஆகவே ஒவ்வொரு வேலை தொடங்கும்போதும் முடியும்போதும், பொறியை இயக்குபவர் தட்டச்சுப் பலகையில் நேரத்தை அடித்துத் தர வேண்டும். நிரல் அதைக் காந்த நாடாவில் பதிந்துகொள்ளும். முதல் பதிப்பு மிக எளியது. ஒவ்வொரு வேலையும் எவ்வளவு நேரம் ஓடியது என்பதை மட்டும் கூட்டிச் சொன்னது. ஓராண்டு அது அமைதியாகப் பயன்பட்டது. பிறகு மேலாளர், “ஓடினது தெரியுது. ஓடாததுதானே எனக்கு வேணும்?” என்றார். நான் நிரலைத் திருத்தினேன்.

அத்திருத்தத்தில் எனக்குப் பெருமிதம் இருந்ததை மறைக்க மாட்டேன். ஒரே நாளில் ஒரு வேலை முடிவதற்கும் அடுத்த வேலை தொடங்குவதற்கும் இடைப்பட்ட நேரத்தைப் புதிய பதிப்பு அளந்தது. ஆறு நிமிடத்திற்கு உட்பட்டால் விட்டுவிடும். மிகுந்தால் இயக்குபவர் தாமாகவே காரண எண் ஒன்றைத் தர வேண்டும். மின்தடைக்கு ஒன்று, குளிரூட்டிக் கோளாறுக்கு இரண்டு, பொறிக் கோளாறுக்கு மூன்று, அட்டை சிக்கினால் நான்கு, நாடா வந்து சேராவிட்டால் ஐந்து. எண் தரப்படாத இடைவெளி, ‘காரணமற்ற நிறுத்தம்’ என்ற தலைப்பின்கீழ், அடுத்த வேலையைத் தொடங்கியவரின் பெயருக்கு எதிரே அச்சாகும். இந்தக் கடைசி விதியை எவரும் கேட்கவில்லை. நானே சேர்த்தேன்.

இயக்குபவர் இருவர், ‘ஷிப்டு’ எனப்படும் பணிமுறைக்கு ஒருவராக. காலை முறைக்கு வந்தவர் இராயபுரத்துக் கத்தோலிக்கக் குடும்பத்தவர். தந்தையும் பாட்டனாரும் இருப்புப்பாதையில் வேலை பார்த்தவர்கள். வயதில் எனக்கு மூத்தவர். எவரையும் கேலி செய்யாமல் அவரால் வணக்கம்கூடச் சொல்ல முடியாது. பிற்பகல் முறைக்கு வந்தவர் வியாசர்பாடிக் குடியிருப்பிலிருந்து மிதிவண்டியில் வருவார், பௌத்தக் குடும்பம், என் வயதுதான். அவருடைய வீட்டில் மாதச் சம்பளம் என்று ஒன்றைப் பெற்ற முதல் ஆள் அவர். வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம் முடிந்திருந்தது. தகுதிகாண் பருவம் ஆறு மாதம்.

புதிய பதிப்பு ஓடிய முதல் மாதத்தின் முடிவில் அறிக்கை அச்சாகி வந்தது. காலை முறைக்காரரின் பெயருக்கு எதிரே ஏறத்தாழ வெற்றிடம். பிற்பகல் முறைக்காரரின் பெயருக்கு எதிரே, வேலை நாள் ஒவ்வொன்றிலும், முறை மாறும் வேளையில், பதினைந்து நிமிடம். மழையானாலும் வெயிலானாலும் அதே பதினைந்து. மேலாளர் அத்தாளை என் மேசைமேல் விரித்தார்.

“நல்ல வேலை செஞ்சிருக்கீங்க. இது இல்லேன்னா நமக்குத் தெரிஞ்சே இருக்காது. தினம் கால் மணி நேரம் அந்த ஆள் எங்க போறான்? இதை வெச்சுக்கிட்டு அவனை நான் எப்படி உறுதி பண்றது? சனிக்கிழமைக்குள்ள தலைமை அலுவலகத்துக்கு எழுதணும்.”

அன்று செவ்வாய்க்கிழமை. பாராட்டை வாங்கிக்கொண்டேன். என் நிரலில் பிழை இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. கூட்டல் கழித்தலைக் கையால் சரிபார்த்தேன், சரியாகவே இருந்தது. அந்த மனிதர் மீது எனக்கு வெறுப்பு ஏதும் இல்லை. எனினும் அவரைவிட அந்தத் தாளை நான் நம்பினேன். அந்தத் தாளை நம்புவது அலுவலகத்தில் வேறு சிலருக்கும் வசதியாகவே இருந்தது; வியாசர்பாடியிலிருந்து ஒருவர் இந்த அறைக்குள் வந்ததே அவர்களுக்கு உறுத்தலாக இருந்தது. அவர்களோடு அன்று நானும் நின்றேன் என்பதை நினைக்கும்போது இன்றும் நாணுகிறேன்.

இந்தச் செய்தி எனக்கு முன்பே கணிப்பொறி அறைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. மறுநாள் பிற்பகல், முறை மாறுவதை நேரில் பார்ப்பது என்று நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தேன். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். தரையின் குளிர் காலில் ஏறியது. காலை முறைக்காரர் என்னைப் பார்த்ததும் தொடங்கிவிட்டார்.

“இன்னா புலவரே, சி.ஐ.டி. வேலையா? உன் காயிதம் இன்னாவோ சொல்லுதாமே. நம்ம தோஸ்து தெனம் கால் மணி நேரம் தூங்கறாராம்.”

வெளியே சங்கு ஊதியது. அது ஊதி முடிப்பதற்குள் பிற்பகல் முறைக்காரர் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். கேலி அவர் காதில் விழுந்திருந்தது.

“தூங்கறதுக்கு இங்க எடம் எங்க கீது நைனா? இந்தக் குளுருல நிக்கவே முடில.”

“அப்ப பின்னாடி போயி பீடி இஸ்த்துகினு வர்றியா மாமு? மெய்யச் சொல்லு.”

“நான் பீடி தொடமாட்டேன்னு ஒனக்கே தெரியும். சும்மா பேஜாரு பண்ணாத.”

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் காலை முறைக்காரர் முடிக்குமுன்பே நாடாவை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். காலை முறைக்காரர் தம் கடைசி வேலையை முடித்து நேரத்தை அடித்தார். இருவரும் பதிவேட்டில் கையெழுத்திட்டார்கள். பிற்பகல் முறைக்காரர் நாடாவை மாற்றினார், அட்டைகளை விசிறிபோல் விரித்து, தட்டிச் சீராக்கி, பொறிக்குள் வைத்தார். வீண்போன ஓர் அசைவுகூட இல்லை. தட்டச்சுப் பலகையில் நேரத்தை அடித்து அடுத்த வேலையைத் தொடங்கினார். மொத்தம் ஐந்து நிமிடம்.

என் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு மணி ஐம்பத்தைந்து. பலகையிலிருந்து வெளிவந்த தாளைப் பார்த்தேன். மூன்று மணி ஐந்து.

“நேரத்தைத் தவறாக அடித்துவிட்டீர்களே” என்றேன்.

“இன்னா சார் தப்பு? சங்கு ஊதி அஞ்சு நிமிசம் ஆவுது. தோ, தாவாரத்துக் கடியாரத்தப் பாருங்க.”

கண்ணாடிச் சுவருக்கு அப்பால் தாழ்வாரத்தில் தொங்கிய கடிகாரம் மூன்று மணி ஐந்து காட்டியது. தாளைப் பின்னோக்கி இழுத்தேன். காலை முறைக்காரர் முடிவு நேரமாக இரண்டு ஐம்பது என்று அடித்திருந்தார். அவர் அதற்குள் கதவருகே போய்விட்டார்.

“நீங்கள் எதைப் பார்த்து நேரம் அடிக்கிறீர்கள்?”

அவர் மணிக்கட்டை உயர்த்திக் காட்டினார். “இதப் பாத்துதான். மாமனாரு போட்டது. காத்தால நூசுக்கு முன்னாடி ரேடியோல பீப்பு பீப்புன்னு வருமே, அதுக்கு சரியா வச்சிகினுதான் வூட்ட வுட்டு கெளம்புவேன். கம்பெனி கடியாரத்த எவன் பாப்பான்? அது பத்து நிமிசம் முன்னாடி ஓடிகினு கீது. ஊருக்கே தெரியுமே!”

ஊருக்கே தெரியும். எனக்கும் தெரியும். பல ஆண்டுகளுக்கு முன், காலை முறை முடிந்து தொழிலாளர்கள் தொடர்வண்டி நிலையத்துக்கு ஓடுவதற்குள் கும்மிடிப்பூண்டியிலிருந்து வரும் வண்டி போய்விடுமாம். முறை நேரத்தை மாற்ற வேண்டுமானால் தலைமை அலுவலகம் இசைய வேண்டும், அது இசையவில்லை. ஆகவே உள்ளூரிலேயே பேசி முடித்து, கடிகாரத்தைப் பத்து நிமிடம் முன்னே தள்ளிவிட்டார்கள். பத்து நிமிடம் முன்னதாக வந்து பத்து நிமிடம் முன்னதாகப் போவார்கள், எவருக்கும் இழப்பில்லை. வாயிலில் வருகை அட்டையில் நேரம் பதியும் பொறியும், சங்கும், தாழ்வாரத்துக் கடிகாரமும் எல்லாம் அந்த நேரத்திலேயே ஓடின. உப்புக்காற்றைப் போல அது எங்களுக்குப் பழகிப்போயிருந்தது. எவரும் அதை நினைத்துப் பார்ப்பதில்லை.

கைக்கடிகாரம் இல்லாதவர் தாழ்வாரத்தைப் பார்த்து அடித்தார். இருந்தவர் தம் கையைப் பார்த்து அடித்தார். என் முதல் பதிப்பு ஒரே ஆள் அடித்த இரு நேரங்களை மட்டும் கழித்துப் பார்த்ததால் வேறுபாடு வெளிப்படவில்லை. திருத்திய பதிப்போ ஒருவருடைய நேரத்திலிருந்து மற்றவருடைய நேரத்தைக் கழித்தது. ஐந்து நிமிடம் பதினைந்தானது அப்படித்தான்.

பிற்பகல் முறைக்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “அப்ப நான் நிறுத்தலியா?” என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் அருகிலிருந்த முக்காலியில் உட்கார்ந்தார். வேலை நேரத்தில் அவர் இருக்கையில் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான்.

காலை முறைக்காரர் கதவிலிருந்து திரும்பி வந்து அவர் தோளில் கை வைத்தார். “என் வாச்சியால ஒனக்கு இவ்ளோ பேஜாரா? சொல்லியிருந்தா கழட்டி இந்த மிசினுக்கே கட்டி வுட்டிருப்பேனே மாமு.” அன்று அவர் தம் வண்டியைத் தவறவிட்டார்.

வியாழக்கிழமை பிற்பகல் மேலாளரை அறைக்கு அழைத்தேன். சங்கு ஊதும்போது தங்கள் கைக்கடிகாரத்தைப் பாருங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். சங்கு ஊதியது. அவர் பார்த்தார். இரண்டு ஐம்பது. தாழ்வாரத்தைப் பார்த்தார். மூன்று. காலை முறைக்காரர் அடித்ததையும் பிற்பகல் முறைக்காரர் அடித்ததையும் ஒன்றன்கீழ் ஒன்றாகப் படித்தார். கூரிய அறிவினர், விளக்க வேண்டியிருக்கவில்லை.

“சரி. பதினஞ்சுல பத்து போச்சு, மிச்சம் அஞ்சு. அது குத்தமில்லை” என்றார். பிறகு கையிலிருந்த அறிக்கையில் ஒரு வரிமேல் விரலை வைத்தார். “ஆனா இது? இந்த ஒரு நாள் மட்டும் ஒண்ணேகால் மணி நேரம். காரண எண்ணும் இல்லை. இதுக்கு எந்தக் கடிகாரத்தைச் சொல்லப் போறீங்க?”

கேள்வி பிற்பகல் முறைக்காரரை நோக்கியது. அவர் தலையைக் குனிந்துகொண்டு, “காரணம் போட மறந்துட்டேன் சார். என் தப்புதான்” என்றார்.

“மறந்துட்டியா? ஒண்ணேகால் மணி நேரத்தையா?”

அவர் என் பக்கம் திரும்பவில்லை. அப்போதுதான் அந்த நாளின் தேதியைப் படித்தேன்.

அது என் புதிய பதிப்பைப் பொறியில் முதலில் ஏற்றிய நாள். நிரல் முழுவதும், அட்டைக்கு ஒரு வரியாக, துளையிட்ட அட்டைகளில் இருந்தது. நீண்ட தட்டு ஒன்றில் நெருக்கி அடுக்கி, இரு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தேன். அறையின் தரை சற்று உயர்த்தி அமைக்கப்பட்டது. வாயிலில் இருந்த படியை மறந்தேன். தட்டு கவிழ்ந்தது. அட்டைகள் பொறியின் அடியிலும் நாடாப் பெட்டிகளின் இடுக்கிலும் சிதறின. வரிசை எண் துளையிட்டிருந்தால் சிறிது நேரத்தில் அடுக்கிவிடலாம். அவசரத்தில் நான் அதைச் செய்யச் சொல்லவில்லை. நடந்தால் அட்டைகள் மிதிபடும், மிதிபட்டவை பொறியில் சிக்கும் என்பதால் பிற்பகல் முறைக்காரர் பொறியை நிறுத்திவிட்டுத் தரையில் என்னுடன் குந்தினார். நான் என் கையெழுத்துப் படியைப் பார்த்து ஒவ்வொரு வரியாகப் படிக்க, அவர் அந்த வரிக்குரிய அட்டையைத் தேடி எடுத்துத் தந்தார். “இன்னா சார், சீட்டாட்டம் மாதிரி கீது. ஜோக்கர் எது?” என்று இடையில் ஒருமுறை கேட்டது நினைவிருக்கிறது. முடிந்ததும் நன்றி சொன்னேன் என்றுதான் எண்ணுகிறேன். உறுதியாகத் தெரியவில்லை. நிரல் ஓடிய மகிழ்ச்சியில் அந்தத் தடங்கலை அன்று மாலையே மறந்துவிட்டேன்.

அவரை அளந்த நிரலை அவரே தரையில் குந்தி அடுக்கித் தந்தார். முந்தைய வேலை முடிந்த நேரம் நாடாவில் இருந்ததால், அதற்குச் செலவான நேரத்தை அந்த நிரலே அவர் பெயருக்கு எதிரே எழுதியது.

பேசுவதற்கு எனக்கு ஒரு நொடி பிடித்தது. அந்த நொடியில் நான் எண்ணியது சொற்களைப் பற்றி அன்று. என் திருத்தத்தைத் தலைமை அலுவலகத்திற்கே பாராட்டி எழுதப்போவதாக மேலாளர் சொல்லியிருந்தார், அதை எண்ணினேன். பிறகு சொன்னேன்: “நிறுத்தியவன் நான். அட்டைகளைக் கொட்டிவிட்டேன். இவர் அவற்றைப் பொறுக்கி அடுக்கித் தந்தார்.”

மேலாளர் எங்கள் இருவரையும் பார்த்தார். “ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கிட்டீங்களா?”

மறுமொழியாக நான் அலமாரியிலிருந்து அந்த அட்டைத் தட்டை எடுத்து வந்து அவர் முன் வைத்தேன். மறுபடி சிதறினால் எளிதாக அடுக்கலாம் என்று, தரையில் குந்தியிருந்தபோதே ஒவ்வோர் அட்டையின் மூலையிலும் பிற்பகல் முறைக்காரர் பென்சிலால் வரிசை எண் இட்டிருந்தார். நான் கேட்காமலே செய்தது. மேலாளர் கட்டைவிரலால் அட்டைகளைத் தள்ளிக்கொண்டே போனார். ஒன்று, இரண்டு, மூன்று என்று சிறிய, சீரான எண்கள், ஓரிடத்திலும் தவறவில்லை. சில அட்டைகளின் பின்புறம் தரையின் அழுக்கு ஒட்டியிருந்தது.

“இத்தனையும் நீ போட்டதா?”

“ஆமா சார்.”

“அப்போ ஏன் மறந்துட்டேன்னு சொன்னே?”

“அவுரு புச்சா எழுதினு வந்தாரு சார். மொத நாளே அவுரு பேர்ல ஏத்தறதுக்கு மனசு வரல.”

மேலாளர் தட்டை என் கையில் கொடுத்தார். “பார்த்துப் பிடியுங்க” என்றார். அவர் சிரித்ததை முதன்முறையாகப் பார்த்தேன். பணி உறுதிக்கான கடிதம் வெள்ளிக்கிழமையே கையெழுத்தாகிப் போனது. என்னைப் பாராட்டும் கடிதம் போகவே இல்லை. அதனால் எனக்குக் குறை ஒன்றும் நேரவில்லை.

அதன் பின்னும் பல ஆண்டுகள் நிரல் எழுதியே வாழ்ந்தேன். பொறிகள் மாறின, நேரத்தைத் தாமே அறியும் பொறிகள் வந்தன. ஒரு நிரல் ஒருவர்மீது குற்றம் சாட்டும்போதெல்லாம், எந்த அறிக்கையையும் மேலே அனுப்பும் முன், பொறி இருக்கும் இடத்துக்குப் போய் ஆட்கள் முறை மாறுவதை நின்று பார்த்திருக்கிறேன். எந்தப் பாடநூலும் எனக்கு இதைச் சொல்லவில்லை. என் பிழையைத் தம் தலைமேல் ஏற்றுக்கொள்ளத் துணிந்த ஒருவரிடமிருந்து வந்த பழக்கம் இது. அவருக்கு என் நன்றியை முறையாகச் சொன்னேன் என்றும், அவர் அதைக் காதில் வாங்காததுபோல் நாடாவை மாற்றிக்கொண்டிருந்தார் என்றும் இங்கே எழுதிவைக்க விரும்புகிறேன்.

அறைக்கு என்று ஒரு சுவர்க் கடிகாரம் வந்தது. இருவரும் அதைப் பார்த்தே அடிக்க வேண்டும் என்று முடிவாயிற்று. அதில் எந்த நேரத்தை வைப்பது என்பதில் பூசல். வானொலி நேரமே மெய்யான நேரம் என்றார் காலை முறைக்காரர். நானும் அதையே சொன்னேன். பிற்பகல் முறைக்காரர் ஒப்பவில்லை. “சங்கு நேரம்தான் வைக்கணும். வெளிய அத்தினி பேரும் அத்த நம்பி வண்டி புடிக்கிறான். நாம மட்டும் இன்னா தனி ராஜ்ஜியமா?” என்றார். சங்கு நேரமே வைத்தோம்.

நிரலை மூன்றாம் முறையாகத் திருத்த அமர்ந்தேன். இடைவெளிக்கு அடுத்தவரைப் பொறுப்பாக்கிய விதியை நீக்கினேன். பிற்பகல் முறைக்காரர் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார்.

“சார், காரணப் பட்டியல்ல ஒண்ணு கொறையுது. கரெண்டு கீது, குளுரு கீது, மிசினு கீது, அட்டை கீது, நாடா கீது. புரோகிராமர் எங்க?”

காலை முறைக்காரர் கைதட்டினார். “போடு மாமு! ஆறாம் நம்பரு புலவருக்கு!”

சேர்த்தேன். ஆறு: நிரலாளரால் நின்றது. அடுத்த மாத அறிக்கையில் மின்தடையைவிட, பொறிக் கோளாறைவிட, ஆறாம் எண்ணே முன்னே நின்றது. பிற்பகல் முறைக்காரர் தாளைக் கிழித்து, மடிப்பைச் சீராக்கி, இரு கையாலும் என்னிடம் நீட்டினார்.

“பாத்துக்குங்க சார். மிசினு நல்லாத்தான் கீது.”